மணல் கடமையில் உள்ளது

ஆழிப்பேரலை வந்து எழுபத்தாறாவது நாள், ஆர்னோல்ட் மண்வெட்டியோடு தன் வளவுக்குப் போனபோது, அங்கே ஒரு பலகை நட்டிருந்தது.

"இம்மணல் இன்னும் வகைப்படுத்தப்படவில்லை. வகைப்படுத்தப்படும் வரை தோண்டுதல், அள்ளுதல், சமன்செய்தல் தண்டனைக்குரியது. கரையோரப் படிவு வடிவ நிர்ணய அதிகாரசபை."

ஆர்னோல்ட் போர்த்துக்கேய வழிவந்த பறங்கித் தச்சன். எழுத்தைப் படிக்குமுன் அவன் பலகையைப் பார்த்தான். நல்ல தேக்கு. ஊரில் கூரை போட மரமில்லாத நேரத்தில் இதற்கு மட்டும் எங்கிருந்து தேக்கு வந்தது என்று யோசித்தான். பிறகு எழுத்தைப் படித்தான்.

பலகைக்குப் பின்னால் மணல்மேடு நெஞ்சளவு உயரத்தில் கிடந்தது. அதற்குக் கீழே அவனுடைய பட்டறையும் குசினியும் இருந்தன. நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை, விருந்தாட்கள் உட்கார இரவல் வாங்கிய கதிரைகளைத் திருப்பிக் கொடுக்க அவன் பாலம் கடந்து பட்டினத்துக்குப் போயிருந்தான். மனைவி கிளாறிஸ் வீட்டில் இருந்தாள். அலை வருகிறது என்று எல்லோரும் ஓடியபோது அவளும் ஓடினாள். பாதி வழியில் அடுப்பை அணைக்கவில்லை என்ற நினைவு வந்து திரும்பினாள். அவள் குசினிக்குள் நுழைவதைப் பக்கத்து வளவு மங்கையற்கரசி கண்டாள். அதற்குப் பிறகு யாரும் காணவில்லை.

ஆர்னோல்ட் உடனே வந்து தோண்டவில்லை. கோயில் வளவில் பிரேதங்கள் வரிசையாகக் கிடந்தன. கையில் உளியும் மரம் அறுக்கும் வாளும் மிஞ்சிய தச்சர்கள் மூன்றே பேர். வெளியில் கிடக்கிறவர்களுக்கு முதலில் பெட்டி வேண்டும், கிளாறிஸ் மூடித்தானே கிடக்கிறாள், பொறுப்பாள் என்று நினைத்தான். ஐம்பத்தெட்டுப் பெட்டி செய்தான். ஐம்பத்தெட்டாவதை முடித்த அன்று காலில் துருப்பிடித்த ஆணி ஏறியது. அது சீழ்ப்பிடித்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தான். அதற்குள் அதிகாரசபை பிறந்துவிட்டது.

அது பிறந்த விதம் எளிமையானது. ஏதோ ஒரு நாடு அனர்த்த உதவியாக ஒரு பெரிய கருவியை அனுப்பியது. மணலில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது எந்தெந்தக் கோணத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து, அந்த அளவுகளைக் கூட்டிப் பெருக்கிக் கோடாக வரைந்து, மணல்மணி என்ன பொருள், தட்டையா உருண்டையா என்று சொல்லும் கருவி. தின்னப் பாணும் தங்கக் கூடாரமும் கேட்டவர்களுக்கு அது வந்தது. கருவி வந்ததும் அதற்கு ஒரு கட்டடம் தேவைப்பட்டது. கட்டடத்துக்கு ஒரு பணிப்பாளர் தேவைப்பட்டார். பணிப்பாளருக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. சட்டத்துக்கு மணல் தேவைப்பட்டது. மணல் மட்டும் ஏற்கனவே வந்திருந்தது.

பணிப்பாளர் கலாநிதி தங்கராசா மண்டூரில் பிறந்தவர். அதை அவர் யாருக்கும் சொல்வதில்லை; ஊருக்குத் தெரியும். அவர் பேசும்போது அறிக்கை ஒன்றை வாசிப்பதுபோல் இருக்கும்.

"சேர், என்ட பொஞ்சாதி அதுக்குள்ள கிடக்கிறா," என்றான் ஆர்னோல்ட்.

"எதற்குள்?"

"அந்த மணலுக்குள்ள. என்ட வளவு சேர்."

"வளவு உங்களுடையது. மணல் உங்களுடையதா? நீங்கள் கொண்டுவந்தீர்களா? அது வந்தது. எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. கடலிலிருந்து வந்தால் அனர்த்த மணல். வாவியிலிருந்து வந்தால் நீரியல் மணல். கடல் மணி நெடுந்தூரம் உருண்டு உருண்டையாகிறது. வாவி மணி தட்டையாகவே கிடக்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு திணைக்களம். உங்கள் மனைவி எந்தத் திணைக்களத்தின் மணலுக்குள் இருக்கிறார் என்று தெரியாமல், தோண்டும் அனுமதியை நான் யாரிடம் கேட்பது?"

"எந்தத் திணைக்களமெண்டாலும் பரவாயில்ல சேர்."

"உங்களுக்குப் பரவாயில்லை," என்றார் தங்கராசா வருத்தத்தோடு. "விஞ்ஞானத்துக்கு?"

ஆர்னோல்ட் ஒரு கிலோ மணல் கொண்டுவர வேண்டும் என்று முடிவானது. அதற்குரிய படிவத்தில் "மாதிரி சுத்தமாக இருத்தல் வேண்டும்" என்று அச்சிட்டிருந்தது.

மங்கையற்கரசி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று அவன் அள்ளிய மணல் பையைப் பார்த்தாள்.

"என்ன அண்ணன், கந்தோருக்குக் குடுக்கிற சாமானை இப்புடிக் குப்பையோட கொண்டுபோறீங்க? பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பாங்க. தாங்க இஞ்ச."

அவள் சுளகை எடுத்து வந்து, அந்த மணலை அரிசி புடைப்பதுபோல் நாலு தரம் புடைத்து, தூசியைப் போக்கி, திரும்பப் பையில் கட்டிக் கொடுத்தாள். பிறர் கையில் கொடுக்கும் எதையும் புடைக்காமல் கொடுக்க அவளுக்குத் தெரியாது.

ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. தொண்ணூற்றெட்டு வீதம் உருண்டை. உலகத்தில் எந்தக் கரையிலும் இவ்வளவு உருண்டையான மணல் கிடைத்ததில்லை என்று தங்கராசா ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை எழுதத் தொடங்கினார். உறுதிப்படுத்துவதற்காக அதிகாரசபையே போய் இரண்டாவது கிலோவை அள்ளி வந்தது. அது எழுபது வீதம் தட்டை.

உடனே விசாரணை வைத்தார்கள். மணலின் வடிவத்தை மாற்றியவர் யார் என்று கேட்டார்கள். மங்கையற்கரசி தானாகவே சுளகோடு வந்தாள். குளிரூட்டிய அந்த மண்டபத்தில், ஏழு உத்தியோகத்தர் முன்னால், ஒரு சிறங்கை மணலைச் சுளகில் போட்டுப் புடைத்தாள். காக்காப்பொன் தகடுகள் மின்னிக்கொண்டு முன்னால் பறந்து, பணிப்பாளரின் மூக்குக் கண்ணாடியிலும் கழுத்துப் பட்டியிலும் படிந்தன. சுளகின் பின்பக்கத்தில் உருண்டை மணிகள் மட்டும் நின்றன.

"தட்டையானது முன்னுக்குப் போகும். உருண்டை பின்னுக்கு நிக்கும்," என்றாள். "உமியும் அரிசியும் பிரிக்கிறதுதானே சேர். உங்கட அம்மா மண்டூரில செய்யல்லயா?"

தங்கராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த முறையின் நியம விலகல் எவ்வளவு?"

"அது எனக்குத் தெரியா சேர். சுளகு நூறு ரூவா."

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. மாதிரி எடுக்கும் இடத்திலிருந்து இருநூறு மீற்றர் தூரத்துக்குள் சுளகு வைத்திருப்பது தடை. அதன்பின் மங்கையற்கரசி அரிசி புடைக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி அக்காவின் வீட்டுக்குப் போனாள். காணிச் சொந்தக்காரர் மாதிரி கொண்டுவரும் முறையும் நிறுத்தப்பட்டது. இனி அதிகாரசபையே மேட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நாற்பத்தெட்டு இடத்தில் குழாய் இறக்கி, நாற்பத்தெட்டு மூட்டை எடுக்கும். நாற்பத்தெட்டின் சராசரிதான் மணலின் வடிவம்.

குழாய் இறக்கும் வேலை அடுத்த வருடம் நடந்தது. ஆய்வுகூட உத்தியோகத்தர் ஸஹீதா, காத்தான்குடிக்காரி, ஒவ்வொரு மூட்டையிலும் அழியாத மையால் இலக்கம் எழுதினாள். ஆர்னோல்ட் பலகைக்கு வெளியே நின்று பார்த்தான். உள்ளே வர அவனுக்கு அனுமதி இல்லை.

நாற்பத்தோராவது குழாய் பாதியில் முரண்டு பிடித்தது.

"அது குசினி மூலை," என்றான் ஆர்னோல்ட். "கொஞ்சம் மெல்ல அடிங்க."

"கல்லாயிருக்கும்," என்றான் குழாய்க்காரன். பெரிய சுத்தியலால் நாலு அடி போட்டு இறக்கினான்.

முதல் நாற்பது மூட்டைகள் பாலம் கடந்து ஆய்வுகூடம் போய்ச் சேர்ந்தன. மிச்சம் எட்டு மூட்டைகள் போன அன்று யுத்த நிறுத்தம் முறிந்து மீண்டும் சண்டை தொடங்கியிருந்தது. பாலத்தடியில் சோதனைச் சாவடி ஒன்றுக்கு அவசரமாகக் காவலரண் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற இராணுவ அதிகாரி, ஒரு அரச வாகனத்தில் மண்மூட்டைகள் தயாராகக் கட்டி, இலக்கமும் போட்டு வருவதைக் கண்டார். கேட்காமலே வந்து சேர்ந்த அரச உதவியை அவர் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தார். எட்டையும் இறக்கி அடுக்கினார்.

தங்கராசா மூட்டைகளைத் திருப்பித் தரும்படி எழுதினார். மூன்று மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: "மணல் கடமையில் உள்ளது."

அந்தப் பதில் தங்கராசாவுக்குப் பிடித்திருந்தது. அதைச் சட்டம் போட்டு மேசைக்குப் பின்னால் மாட்டினார்.

"சேர், மத்த நாப்பதும் இரிக்கிதானே," என்றான் ஆர்னோல்ட். "அதை வச்சு ஒரு முடிவு சொல்ல ஏலாதா?"

"நாற்பத்தெட்டின் சராசரியை நாற்பதிலிருந்து எடுப்பது மோசடி."

"எட்டும் எப்ப வரும்?"

"யுத்தம் முடியும்போது."

"அது எப்ப முடியும்?"

"அது எமது அதிகாரசபையின் விடயப் பரப்புக்குள் வராது," என்றார் தங்கராசா. ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. மூட்டைகளின் மாதாந்த இருப்பை எடுக்கும்படி உத்தரவிட்டார். மாதத்தில் முதலாம் திகதி ஸஹீதா பஸ் யன்னலோரம் இருந்து எட்டு இலக்கமும் தெரிகின்றனவா என்று பார்த்து எழுதினாள். எட்டும் தெரிந்தன.

ஆர்னோல்டும் அந்தப் பாலத்தை ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் கடந்தான். அவனுடைய தகரக் கொட்டில் ஒரு கரையில். கூலிக்குத் தளபாடம் செய்த கடை மறு கரையில். சாவடியில் சைக்கிளால் இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, உருட்டிக்கொண்டு போக வேண்டும்.

அந்த நாட்களில் அவன் பின்னேரங்களில் வந்து பலகைக்கு வெளியே, மேட்டுக்கு முன்னால், ஒரு பழைய சாராயப் பெட்டியில் உட்கார்ந்திருப்பான். மங்கையற்கரசி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் கேட்டாள்:

"ஒரு இருட்டில தோண்டினா ஆரு அண்ணன் கேக்கப்போறாங்க?"

"தோண்டிப் பாத்தன்," என்றான். "போன மாசம். ஒரு முழம் போகல்ல, பொலிஸ் வந்திட்டு. மணல் கலங்கிப்போச்சாம். இன்னொருக்காத் தொட்டா முழுக்க முதல்ல இருந்து குழாய் அடிச்சு எடுப்பாங்களாம்." தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான், "முதல்ல இருந்தெண்டா அவ தாங்கமாட்டா, தங்கச்சி."

இரண்டாயிரத்து ஏழில் அவனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை. நாலாம் நாள் போனபோது பலகை நின்றது. பலகைக்குப் பின்னால் மேடு இல்லை. மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தின் பல் தடங்கள் மட்டும் தரையில் இருந்தன. குசினியின் சீமெந்துத் தரை கழுவியதுபோல் கிடந்தது.

"றோட்டுக் கொந்தராத்துக்காரன்," என்றாள் மங்கையற்கரசி. "நான் கத்தினன் அண்ணன். பெக்கோச் சத்தத்துக்கு ஒருத்தனும் கேக்கல்ல."

ஆர்னோல்ட் பணிப்பாளரிடம் போனான்.

"சேர், மேடு இல்ல. அள்ளிட்டாங்க."

"அறிந்தேன். மணல் இல்லாமல் போனது அதன் வகைப்படுத்தலை எவ்விதத்திலும் பாதிக்காது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்."

"தோண்டக் கூடாதெண்டு பலகை போட்டிரிக்கிதே. அவங்க எப்புடி அள்ளின?"

"தடை காணிச் சொந்தக்காரருக்கானது. ஒப்பந்தக்காரர் காணிச் சொந்தக்காரர் அல்லவே."

புதிய வீதி மூன்று மைல் நீளம். ஆர்னோல்ட் அதன் ஒரு கரையால் நடந்து போய் மறு கரையால் திரும்பி வந்தான். மணல் பரவியிருந்தது, அதன்மேல் கல், கல்லின்மேல் உருளை போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நின்று தொப்பியைக் கழற்றினான். பிறகு போட்டுக்கொண்டான். எந்த இடத்தில் கழற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

யுத்தம் இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் முடிந்தது. பட்டினத்தில் வெடி கொளுத்தினார்கள். கொளுத்தாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பாலத்தடிச் சாவடியில் பாதியைப் பிரித்தார்கள். எட்டு மூட்டைகளும் ஒரு கைவண்டியில் அதிகாரசபைக்கு வந்து சேர்ந்தன. கூட வந்த துண்டில் "கடமை முடிந்தது" என்று எழுதியிருந்தது.

செப்ரெம்பரில் வடிவச் சான்றிதழ் வழங்கும் விழா. குத்துவிளக்கு ஏற்றினார்கள். முன்வரிசையில் நடுவில் ஆர்னோல்டை உட்காரவைத்தார்கள், பயனாளி என்று நெஞ்சில் ஒரு அட்டை குத்தி. தங்கராசா பேசினார்.

"ஒரு மணியைக்கூட நாம் அவசரப்பட்டு வகைப்படுத்தவில்லை. அலை அவசரப்பட்டது. யுத்தம் அவசரப்பட்டது. உறவினர்கள் அவசரப்பட்டார்கள்; அவர்களையும் நாம் மன்னிக்கிறோம். இந்த ஐந்து வருடத்தில் இந்த மாவட்டத்தில் அவசரப்படாத ஒரே நிறுவனம் எங்களுடையது. சிலர் கேட்கிறார்கள், மணலே இல்லையே, எதற்குச் சான்றிதழ் என்று. நான் சொல்கிறேன், மணல் இருந்தபோது எங்களுக்கு எவ்வளவு இடையூறு. மக்கள் வந்து அழுதார்கள். இப்போது தரவு மட்டும் இருக்கிறது. தரவு தூய்மையானது. முடிவை மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்: தட்டை."

கைதட்டினார்கள். சான்றிதழ் ஆர்னோல்டின் கைக்கு வந்தது. இன்றிலிருந்து பதினான்கு நாட்களுக்கு மேற்படி மணலைத் தோண்டவும் கொண்டுசெல்லவும் அவனுக்கு அனுமதி உண்டு. பின்னால் ஒரு இணைப்பு, மூட்டைகளின் இலக்கப் பட்டியல். தச்சன் ஆனபடியால் அவன் எதையும் எண்ணிப் பார்ப்பவன். நாற்பது இருந்தது. அடுத்து நாற்பத்திரண்டு இருந்தது.

விழாச் சாப்பாடு நடக்கும்போது அவன் ஆய்வுகூடத்துக்குப் போனான். ஸஹீதா தனியே இருந்தாள்.

"மிஸ், நாப்பத்தொண்டு எங்க?"

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணன், இருங்க. அதுல வேற கோடு வந்த. மணலுக்கு வராத கோடு. நான் மூணு தரம் அடிச்சுப் பாத்தன். மூணு தரமும் அதான் வந்த. அபதைட்டு எண்டு சொல்லுவாங்க."

"அது என்ன கல்லு?"

"கல்லா வாறதும் இரிக்கி. இது அந்தக் கல்லில்ல அண்ணன். எலும்பில இரிக்கிறது. பல்லில இரிக்கிறது."

வெளியே மண்டபத்தில் தட்டுகள் அடுக்கும் சத்தம் கேட்டது. ஆர்னோல்ட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பணிப்பாளர்ட்டச் சொன்னன்," என்றாள் ஸஹீதா. "இது ஆளாயிருக்கும், பொலிஸுக்கு அறிவிக்கணும் எண்டு சொன்னன். அவர் கோட்டைப் பாத்தார். கூட்டத்தோட சேராத மாதிரி இது, எடுத்துப்போட்டா மத்த நாப்பத்தேழும் ஒரே நேரா நிக்கும் எண்டார். எடுத்துப்போட்டார்." அலுமாரியைத் திறந்தாள். "என்னை வீசச் சொன்ன. நான் வீசல்ல."

அலுமாரியின் அடித்தட்டில் மூடியிட்ட ஒரு வாளியில் அந்த மணல் இருந்தது. மேலே வெறும் சாக்கு மடித்து வைத்திருந்தது. சாக்கின் ஒரு பக்கம் வெயிலில் வெளுத்து, நடுவில் ஓரிடம் மட்டும் எண்ணெய் ஊறினாற்போல் கறுத்து மினுங்கியது. 41 என்ற இலக்கம் அந்தக் கறுப்புக்குக் கீழே மங்கலாகத் தெரிந்தது.

ஆர்னோல்ட் சாக்கை விரித்துப் பார்த்தான். அந்தக் கறுப்பு எதுவென்று அவனுக்குத் தெரியும். சாவடியில் இடது பக்கம், மூன்றாம் வரிசை. அடையாள அட்டையை எடுக்கும்போது எல்லோரும் இடது கையை ஊன்றிக்கொள்ளும் உயரம். அவனும் ஊன்றினான். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம், மூன்று வருடம்.

அவன் சாக்கை மடித்து வாளியின்மேல் வைத்தான். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குப் போனான். தங்கராசா கழுத்து மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சேர், இதை நான் கொண்டுபோறன்."

"எதை?"

"நாப்பத்தொண்டை."

"நாற்பத்தொன்று என்று ஒரு மாதிரி இல்லை. மாதிரிகள் நாற்பத்தேழு. பதிவில் இல்லாத ஒன்றை விடுவிக்க எனக்கு அதிகாரம் கிடையாது."

"சரி சேர். இல்லாததை நான் கொண்டுபோனா, என்ன களவு போன எண்டு பொலிஸில எழுதுவீங்க?"

தங்கராசா யோசித்தார். அவர் தன் தர்க்கத்துக்கு உண்மையாக நடப்பவர். மேசை லாச்சியைத் திறந்து ஒழுங்குவிதிக் கோவையை எடுத்தார், நாலைந்து பக்கம் புரட்டினார், திரும்ப வைத்து மூடினார். ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் அதிகாரசபை ஆர்னோல்டுக்குத் தாமதமின்றித் தந்தது அந்த மௌனம் ஒன்றுதான்.

அவன் வாளியைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் வைத்தான். வளவுக்குப் போய்ப் பலகையைப் பிடுங்கினான். நாலு மாரி மழை பட்டும் நெளியாத தேக்கு. அதில் ஒரு எழுத்தும் மிஞ்சாமல் சீவி முடிக்க ஒரு நாள் ஆனது. மிச்ச மரம் கடையில் கடனுக்கு எடுத்தான்.

கிளாறிஸின் தம்பி மெல்றோய் வந்து நின்று பார்த்தான்.

"மச்சான், ஒரு வாளி மண்ணுக்கு இவ்வளவு பெரிய பெட்டியா?"

"அஞ்சடி நாலங்குலம்," என்றான் ஆர்னோல்ட். "அவட அளவு."

வேலை மெல்ல நடந்தது. ஐம்பத்தெட்டுப் பெட்டியையும் ஓட்டமாகச் செய்தவன், இதற்கு ஒவ்வொரு பொருத்தையும் இரண்டு தரம் அளந்தான். பெட்டி முடிந்தது சான்றிதழின் பதினான்காம் நாள்.

சேமக்காலை, கிறிஸ்தவர்களின் இடுகாடு, பாலத்துக்கு அந்தப் பக்கம். மெல்றோயும் இன்னும் மூன்று பேரும் தூக்கினார்கள். மங்கையற்கரசியும் பின்னால் நடந்தாள். சாவடியின் மிஞ்சிய பாதியில் ஒரு இளம் சிப்பாய் கையை நீட்டி மறித்தான். பெட்டியின் பருமனும் தூக்குகிறவர்களின் இலேசான நடையும் பொருந்துவதாக அவனுக்குப் படவில்லை.

"உள்ள என்ன?" என்றான், தெரிந்த தமிழில்.

நாலு பேரும் ஆர்னோல்டைப் பார்த்தார்கள்.

"மணல்," என்றான் ஆர்னோல்ட்.

"மணலுக்குப் பெர்மிட் இருக்கா?"

ஆர்னோல்ட் சட்டைப் பையிலிருந்து சான்றிதழை எடுத்து விரித்துக் கொடுத்தான். சிப்பாய் முத்திரையைப் பார்த்தான், கையெழுத்தைப் பார்த்தான், திகதியை விரலால் எண்ணிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது.

"போங்க," என்றான்.

காகிதத்தைத் திரும்பப் பைக்குள் வைக்கும்போது ஆர்னோல்டின் இடது கை பழக்கத்தில் பக்கவாட்டில் நீண்டது. அந்த இடத்தில் இப்போது மூட்டை இல்லை. கை ஒரு கணம் வெறும் காற்றில் நின்றது. பிறகு அவன் அதைப் பெட்டியின்மேல் ஊன்றிக்கொண்டு பாலத்தில் ஏறினான்.